ஏழு மெகாஹெர்ட்ஸ் அண்ணாச்சி

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு மேலே இன்னொரு கொடி போகிறது. அதில் ஒரு துண்டுகூடக் காயவில்லை. அப்படியென்றால் அந்த வீட்டில் ஒரு ஹாம் இருக்கிறார். அரசாங்கப் பரீட்சையில் தேறி, லைசன்ஸ் வாங்கி, வீ-யூ என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்றைப் பெற்று, சொந்த வானொலிக் கருவியில் ஊர் உலகத்தோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரருக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர். பேசிக் காசு சம்பாதிக்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. பேச்சுக்காகவே பேச்சு.

நம்ம அண்ணாச்சிக்குப் பிடித்தது 7 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 40 மீட்டர். டைபோல் ஆன்டெனாக் கம்பி அதில் பாதி, 20 மீட்டர். மாடியோ 12 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. நடுவில் ஜிஐ பைப்பை நிறுத்தி, கம்பியை இரண்டு பக்கமும் கூரை மாதிரி சரியவிட்டும் போதவில்லை. மிச்சத்துக்கு அடுத்த வீட்டுத் தென்னைதான் கதி. நைலான் கயிற்றை அதில் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. கூடவே வினையும் வந்தது. அந்த வருஷம் தென்னையில் குரும்பை கொட்டியது. "உம்ம கம்பியில ஓடுத கரண்டுதான்வே மரத்த உலுக்குது" என்றார் அடுத்த வீட்டுக்காரர். அண்ணாச்சி அயனியாக்கும் கதிர்வீச்சு எது, அயனியாக்காத கதிர்வீச்சு எது என்று காம்பவுண்டுச் சுவரில் கரித்துண்டால் படம் போட்டு விளக்கினார். கடைசியில் இரண்டு மூட்டை வேப்பம்புண்ணாக்கு வாங்கிக் கொடுத்ததும் அறிவியல் வென்றது.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை. மற்றவர்கள் பாட்டைக் கேட்டார்கள். இவர் பாட்டுக்கு நடுவே வரும் கரகரப்பைக் கேட்டார், அது ஏன் சாயங்காலமானால் கூடுகிறது என்று யோசித்தார், அத்தோடு ஆள் காலி. இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் பதிவுசெய்யப் போன் போட்டால் தன் பெயரை "ஆல்ஃபா, ரோமியோ, யூனிஃபார்ம்" என்றுதான் எழுத்துக்கூட்டுவார். எதிர்முனையில் இருக்கும் பெண் "சார், யூனிஃபார்ம் சப்ளை நாங்க இல்ல" என்று வைத்துவிடும்.

திருநெல்வேலியில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே மனிதர் இவர்தான். தெருவில் எரியும் மலிவு எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாமே 7 மெகாஹெர்ட்ஸில் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமலுக்கு அடியில்தான் கோயம்புத்தூரும் கொழும்பும் முனகும். மின்தடை வந்த அந்த நொடியில் மீட்டரில் இரைச்சல் முள் மடாரென்று கீழே விழும். அண்ணாச்சி முகம் மலரும். டியூபுலர் பேட்டரி தயார், 12 வோல்ட் தயார். பேப்பரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தால், மற்ற வீடுகளில் மாவை எப்போது ஆட்டுவது என்று கவலைப்படுவார்கள். இவர் காலண்டரில் வட்டம் போடுவார். அன்றைக்குக் கல்யாண வீடு வந்தால்கூட மதினிதான் தனியாகப் போய் மொய் எழுத வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்னதான் பேசுகிறார்? காலை ஏழரை மணிக்கு அந்த அறைக்குள் உட்கார்ந்து கேட்டால் தெரியும். 'ஃபைவ் நைன்' என்றால் குரல் தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம்.

"ஃபைவ் நைன் அண்ணே, ஃபைவ் நைன்! பக்கத்து ரூம்ல இருந்து பேசுத மாதிரி இருக்கு. பேர மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க, விளங்கல."

"நமக்கும் ஃபைவ் நைன். அங்க மழையா?"

"இங்க மூட்டமா இருக்கு. அங்க?"

"இங்கயும் மூட்டம்தான். என்ன ஆன்டெனா?"

"டைபோல். நீங்க?"

"நானும் டைபோல்தான்."

பிறகு இரண்டு பக்கமும் திருப்தியாக '73' சொல்லிக்கொள்வார்கள். தந்திக் காலத்திலிருந்து வருகிற வணக்கம் அது. கேட்கிற நமக்குத்தான் ஆத்திரம் வரும். நெல்லைக்காரன் வாயைக் கட்டிவிட்டு இது ஒரு பேச்சா என்று தோன்றும். அரசியலும் சினிமாவும் பக்கத்து வீட்டு வழக்கும் இல்லாமல் இந்த ஊரில் ஒரு டீ குடித்து முடிக்க முடியுமா?

ஆனால் அண்ணாச்சி பழைய சட்டப்படி நடக்கிறார். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளில் 2003 வரைக்கும் அமெச்சூர்களைப் பற்றி ஓர் அருமையான வாசகம் இருந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: கருவியைச் சோதிப்பது பற்றிப் பேசலாம், அதை விட்டால், தபால் தந்தித் துறைக்குக் காசு கட்டிச் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விஷயங்களை மட்டும் பேசலாம். அதாவது உலக நாடுகள் ஜெனீவாவில் கூடி உட்கார்ந்து, வெட்டிப்பேச்சுக்கென்றே வானத்தில் இடம் ஒதுக்கியிருந்தன. அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள் என்பதில் அண்ணாச்சிக்கு இன்னும் வருத்தம். "குறுக்குத்துறை படித்துறைல நாலு தலைமுறையா சட்டமில்லாமத்தான் பேசிட்டிருந்தோம். அதுக்கு ஒரு சட்டம் இருந்துச்சுய்யா, அதையும் எடுத்துட்டாம்பாரு."

மதினிக்கு வேறு வருத்தம். "பாத்தியளா தம்பி, பின்லாந்துக்காரன்ட்ட அங்க மழையான்னு கேக்கத் தெரியுது. கல்லிடைக்குறிச்சில எங்க அண்ணன் ஆபரேஷன் பண்ணிக் கெடந்தான், ஒரு போன் போட்டு எப்படி இருக்கன்னு கேக்கத் தெரியல." அதற்கு அண்ணாச்சி, மைத்துனரிடம் லைசன்ஸ் இல்லை என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

யாராவது வெளியூர்க்காரர் வந்தால் நெல்லையப்பர் கோயிலுக்கோ இருட்டுக்கடைக்கோ கூட்டிப்போக மாட்டார். வண்டியைக் கிருஷ்ணாபுரத்துக்கு விடுவார். வந்தவர் சிற்பம் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார். அண்ணாச்சி காட்டுவது இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தை. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது. அதன் மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் விட இடம் பார்த்ததும் இந்தக் காந்தக் கோட்டை வைத்துத்தான். அண்ணாச்சிக்கு இது போதும். "நம்ம ஊருக்கு ரெண்டு ஆறுய்யா. ஒண்ணு பொதிகைல இருந்து கிழக்க ஓடி புன்னைக்காயல்ல சேருது. இன்னொண்ணு தலைக்கு மேல அதே கிழக்கத்தான் ஓடுது. மேல ஓடுததுல ஒருத்தனும் மணல் அள்ள முடியாது." சொல்லிவிட்டு அண்ணாந்து பார்ப்பார். வந்தவரும் மரியாதைக்காக அண்ணாந்து பார்ப்பார். வெயில் கண்ணைக் குத்தும். இதே மேலடுக்குச் சேட்டையால் சில நாள் பொழுது சாய்ந்தபின் தூர தேசத்துக் குரல்கள் நடுங்கி நடுங்கி வரும். அதற்கும் இவரே சொந்தம் கொண்டாடுவார்: "மெட்ராஸ்காரனுக்கு இவ்வளவு நடுக்கம் வராது."

பேசியதற்குச் சாட்சியாகத் தபாலில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வது இந்தக் கூட்டத்தின் வழக்கம். க்யூஎஸ்எல் கார்டு என்பார்கள். பக்கத்தில் சிவகாசி இருக்கும்போது கவலை என்ன? அண்ணாச்சி அச்சடித்த அட்டையில் நெல்லையப்பர் கோபுரம், கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம், நடுவில் அழைப்புக்குறி, ஓரத்தில் தங்க ஜரிகை. கல்யாணப் பத்திரிகை என்றே எல்லாரும் வாங்கிப் பார்ப்பார்கள். பெண் வீடு எது என்று தேடுவார்கள். எதிர் அட்டை நேரே வந்தால் சில வாரம், சங்கங்களின் கட்டுகள் வழியே வந்தால் சில வருஷம். பேசியதே மறந்துபோன பிறகு ஒருநாள், தாமிரபரணிக் கரையிலிருந்து உமது குரல் நன்றாகக் கேட்டது என்று பல்கேரியாவிலிருந்து ஓர் அட்டை வந்து விழும்.

இந்த வெட்டிப்பேச்சுக்காரர்களைப் பற்றி உலகம் நினைத்துப்பார்ப்பது மழையோ கடலோ பொங்கும்போதுதான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் இருந்தது. அபூர்வமாகக் கிடைத்த அனுமதி. அந்தமானோடு பேசிவிட்டோம் என்று அட்டை சேர்க்க உலகமே வரிசையில் நின்றது. 26-ஆம் தேதி காலையில் சுனாமி. அதன்பின் அந்தக் குழு, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்கிற செய்தியைக் கடத்தும் வேலையில் இறங்கியது. இதை அண்ணாச்சி சொல்லத் தொடங்கினால் குரலே மாறிவிடும்.

2023 டிசம்பர் 17, 18-ல் நம் பக்கமே மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது. பல இடங்களில் செல்போன் செத்துப்போனது. அண்ணாச்சி தெருவிலும் டவர் இல்லை, கரண்ட் இல்லை. இரைச்சலும் இல்லை என்பதை அவர் மனசுக்குள் குறித்துக்கொண்டிருப்பார். நாகரிகம் கருதி வெளியே சொல்லவில்லை. சென்னையில் ஒரு ஹாம் கிடைத்தார். அவர் மூலம் தெருக்காரர்களின் பிள்ளைகளுக்கு "நல்லா இருக்கோம்" என்று தகவல் போயிற்று. தென்னை வீட்டு ஆச்சி வந்து நின்றாள்.

"எய்யா, மவன்ட்ட நான் நல்லாருக்கேன்னு சொல்லிரு."

"சொல்லியாச்சு ஆச்சி."

"ஃப்ரிட்ஜ் மேல நாரத்தங்கா ஊறுகா வச்சிட்டு வந்தேன், அத வெயில்ல எடுத்து வைக்கச் சொல்லு."

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தபடி யோசித்தார். அடுத்தவர் செய்தியைக் கடத்துவது ஆபத்துக் காலத்தில் மட்டும்தான். நாரத்தங்காய் ஆபத்தா? ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். "சென்னை, இன்னும் ஒரு அவசரச் செய்தி இருக்கு, எழுதிக்கிடுங்க" என்றார்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் தெருவில் ஓர் இன்ஜினியரிங் மாணவனுக்கு இதில் ஆசை வந்தது. 12 வயது ஆகியிருந்தால் யாரும் பரீட்சை எழுதலாம். அண்ணாச்சி தன் காலத்து முறைப்படி மோர்ஸிலிருந்து தொடங்கினார். புள்ளி, கோடு என்று படித்தால் உருப்படாது, காதால் சத்தமாகத்தான் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் அவர் சொல்வது சரி. பையன் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையெல்லாம் "டா-டி-டா-டிட், டா-டா-டிட்-டா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்; பக்கத்து சீட்டுப் பெரியவர் எழுந்து வேறு இடம் பார்த்தார். கடைசியில் மோர்ஸ் கேட்காத ரெஸ்டிரிக்டட் கிரேடு எழுதித் தேறிவிட்டான். லைசன்ஸ் கைக்கு வரும்வரை கேட்கலாம், பேசக் கூடாது. திருநெல்வேலிக்காரனுக்கு அதைவிடக் கடும் பரீட்சை உண்டா?

லைசன்ஸ் வந்ததும் பையன் செய்த காரியம்தான் அண்ணாச்சியை உலுக்கியது. மைக்கைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரைக் கருவியோடு இணைத்து எஃப்டி8 என்று ஒன்றைப் போட்டான். 15 நொடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் தானாக அனுப்பும், தானாகக் கேட்கும். மனிதக் காதுக்கு எட்டாத சிக்னலையும் பிடித்துவிடும். அழைப்புக்குறி, எம்ஜே88 என்று ஹாம்களின் உலக வரைபடத்தில் நம்ம ஊர் விழும் கட்டம், சிக்னல் எத்தனை டெசிபல், 73. அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் ஜப்பான், இத்தாலி, பிரேசில்.

"இதச் செஞ்சது யாருலே?"

"ஜோ டெய்லர்னு ஒருத்தர், அண்ணாச்சி, இன்னொருத்தரோட சேர்ந்து. 1993-ல பிசிக்ஸ்ல நோபல் வாங்கினவரு."

"நோபல் வாங்கி என்னலே? ஊர்ல மழையான்னு கேக்கதுக்கு ஒரு பட்டன் வைக்கத் தெரியலயே."

பட்டன் இல்லை, ஆனால் இஷ்டத்துக்கு எழுதி அனுப்ப 13 எழுத்துக்கு இடம் உண்டு என்று பையன் சொல்லிவிட்டான். அண்ணாச்சி பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இங்கிலீஷ் எழுத்தில் ஓ-ஓ-ஆர்-எல்-ஏ, ஓர் இடைவெளி, எம்-ஏ-இஸட்-ஹெச்-ஏ-ஐ-ஒய்-ஏ. எண்ணினால் 14. ஓ-ஓ-வை அடித்து ஒரு யூ போட்டார். சரியாக 13. கேள்விக்குறிக்கு இடமில்லை, குரலிலேயே கேள்வி இருக்கே என்றார், குரல் இல்லாத கருவியைப் பார்த்து.

அன்று ராத்திரி ஒரு ஜப்பான்காரர் சிக்கினார். அழைப்புக்குறி மாறியாயிற்று, சிக்னல் அளவு மாறியாயிற்று. வழக்கமான முடிவுரைக்குப் பதிலாக அண்ணாச்சி தன் 13 எழுத்தைத் தட்டிவிட்டார். முடிவுரை வராததால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் தன் கடைசி வரியையே மறுபடி அனுப்பியது: ஆர், மைனஸ் 12.

"பாத்தியாலே" என்று பையன் முதுகில் ஒரு தட்டு தட்டினார் அண்ணாச்சி. "மழையான்னு கேட்டேன், மைனஸ் பன்னெண்டுங்கான். அங்க பனிலே!"