கடன்காரன் ஆட்டம்

லண்டனில் ஃப்ளீட் என்று ஒரு சிறை இருந்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியாதவர்களைப் பிடித்து அதற்குள் தள்ளுவார்கள். உள்ளே போனவனுக்குப் பொழுது போக வேண்டுமே, சுவருக்கா பஞ்சம்? பந்தை எடுத்துச் சுவரில் அடித்தான். ராக்கெட்ஸ் என்ற அந்த ஆட்டம் கொழுத்த வீட்டுப் பிள்ளைகள் படித்த ஹாரோ பள்ளிக்குள் நுழைந்து, 19ஆம் நூற்றாண்டில் ஸ்குவாஷ் ஆனது. கடன்காரன் கண்டுபிடித்ததைக் கனவான் சுருட்டிக்கொண்டான். பிறகு கப்பலேறி நம் கண்டோன்மென்ட் கிளப்புக்கு வந்தான். ஆடுகிற சுவரைச் சுற்றி இன்னொரு சுவர் எழுப்பி, வாசலில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதினான்.

கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கெதற்கு இந்தக் கதை என்பீர்கள். சுவரும் கடனும் எங்களுக்கும் தெரியும், ஐயா.

ஒருத்தன் இந்த ஆட்டத்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்டான் என்று வையுங்கள். விமான டிக்கெட் அவன் காசு. விசாக் கட்டணம் அவன் காசு. கீழ்மட்டப் போட்டி ஒன்றில் மொத்தப் பரிசே 3,000 டாலர்தான். வந்தவர்களுக்கெல்லாம் அதில் பங்கு. முதல் சுற்றில் தோற்றவன் பங்கை வைத்துக்கொண்டு நம் ஊர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசலாம். போன ஊரில் புண்ணியவான் யாராவது ஒரு கட்டில் கொடுத்தால் லாட்ஜ் வாடகை மிச்சம். திருவிழாவுக்கு வரும் ராட்டினக்காரர்கூட நாலு காசு பார்த்துவிட்டுத்தான் கம்பியைக் கழற்றுவார்.

வெளியூர் போகக் காகிதம் கேட்பதும் எங்களுக்குப் புதிதல்ல. 1914-இல் பிரமலைக் கள்ளர் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் பாய்ந்தது எங்கள் ஊரில்தான். பாட்டன் அடுத்த ஊருக்குப் போகவே ராதாரிச் சீட்டு வாங்கினான். ராத்திரி ஆனால் போலீஸ் கண்காணிப்பில் படுத்தான். 1947-இல் சட்டம் ஒழிந்தது. பேரன் ஸ்குவாஷ் ஆடப் போனால் விசா ஜன்னலில் பேங்க் கணக்கை விரித்து, "ஆடிட்டுத் திரும்பி வந்துருவேங்கய்யா" என்று கைகட்டி நிற்கலாம்.

பணமில்லாதவன் கதை இப்படி. ஜெயித்தவர் கதை என்ன வாழ்ந்தது? சென்னைப் பெண் தீபிகா பள்ளிக்கல். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் போன முதல் இந்தியப் பெண். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து இரட்டையர் தங்கம். அந்தப் போட்டிகளில் ஸ்குவாஷில் நமக்குக் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். மறு வருஷம் தேசியப் போட்டியில் அவரைக் காணோம். ஏன்? ஆண் ஜெயித்தால் 1,20,000 ரூபாய், பெண் ஜெயித்தால் 50,000. கோர்ட் அதே, பந்து அதே, சுவரடியில் பந்து பட்டால் தட்டென்று சத்தம் போடும் தகரமும் அதே. பெண் அடித்தால் சுவருக்கு வலி குறைவோ? களையெடுப்பில் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி கொடுக்கும் எங்கள் ஊர்க்காரராவது வரப்பில் நின்று தலையைச் சொறிவார். ஸ்குவாஷ் சம்மேளனத்துக்கு அன்றைக்கு அந்த அரிப்புகூட இல்லை. வருஷக்கணக்கில் தீபிகா அந்தப் பக்கமே போகவில்லை. 2016-இல் பரிசைச் சமமாக்கினார்கள், போனார், ஜெயித்தார். இத்தனைக்கும் எங்கள் டீக்கடையில் இன்றைக்கும் அவர் "நம்ம தினேஷ் கார்த்திக் வீட்டுக்காரம்மா"!

ஸ்குவாஷ் பந்தில் இரட்டை மஞ்சள் புள்ளி இருக்கும். அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும். நம் அதிகாரிகளும் அந்த ரகம்தான். என்ன, அவர்களுக்குப் பதக்கச் சூடுதான் ஏறும். சென்னையில் ஷாப்பிங் மாலுக்குள் கண்ணாடிக் கோர்ட் நிறுத்தி 2023-இல் உலகக் கோப்பை நடத்தினார்கள். 2025 டிசம்பரில் அங்கேயே இந்தியா கோப்பையையும் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்குவாஷ் உண்டு. இனி மாலை போட ஆள் வரிசையில் நிற்கும். மட்டை வாங்கக் காசு கேட்ட அன்றைக்கு இந்த வரிசை எந்த ஊரில் நின்றதோ!

எங்கள் ஊருக்கும் ஒரு கோர்ட் கட்டுங்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கட்டினால் திறப்புவிழாக் கல்வெட்டுக்கே ஒரு சுவர் போய்விடும். இருக்கிற சுவரில் அடிக்கலாமென்றால், அத்தனையிலும் கட்சிக்காரன் சுண்ணாம்படித்து மூலையில் 'ரிசர்வ்டு' என்று எழுதி வைத்திருக்கிறான். போன வாரம் ஒரு பொடியன் தென்னை மட்டையைச் செதுக்கிக்கொண்டு வந்து ரப்பர் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். பந்து நேரே போய்ச் சுவரில் வரைந்திருந்த தலைவர் சிரிப்பில் பட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு கரைவேட்டி எழுந்தது.

"டேய், எவன் செவுத்துல எவன்டா அடிக்கிறது?"

பயல் பந்தைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினான்.

"பல்லுல பட்டா பாயின்ட்டு உண்டா இல்லையா, சித்தப்பு?"