செல்பேசியா, கேமராவா: முகூர்த்த மேடையை முன்வைத்து ஓர் ஆய்வு

செல்பேசிக் கேமரா தனிக் கேமராவுக்கு ஈடாகுமா என்னும் வினா, படம் எடுப்பதையே தொழிலாகவோ தவமாகவோ கொண்டவர்களிடையே எழுவது அரிது. அது பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில், காலைப் பந்திக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட வேளையில், கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டிருக்கும் ஓர் உறவினரை நோக்கி, செல்பேசி வைத்திருக்கும் மற்றெல்லா உறவினராலும் எழுப்பப்படுகிறது. எழுப்பப்படும் முறையிலும் அண்மைக்காலத்தில் ஒரு வளர்ச்சி ஏற்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் நல்ல படமொன்றைப் பார்த்தவர் "கேமரா என்ன விலை?" என்று கேட்டு, பாராட்டைக் கருவிக்குச் செலுத்திவிட்டு எடுத்தவரை விட்டுவிடுவார். இப்போது, ஒன்றரைக் கிலோ எடையைப் பிடரி வலிக்க முற்பகல் முழுதும் சுமந்து எடுத்த படத்தைப் பார்த்ததும், "சூப்பரா இருக்கே, எந்த போன்?" என்று கேட்கிறார்கள். இவ்வினா சென்ற முகூர்த்த நாளன்றுகூடக் கேட்கப்பட்டது என்பதும், கேட்டவர் விடைக்குக் காத்திராமல் தம்முடைய போனின் பெயரையும் அதை மகன் துபாயிலிருந்து வாங்கிவந்த விவரத்தையும் சொல்லத் தொடங்கினார் என்பதும் இவ்வாய்வின் நடுநிலையை எவ்வகையிலும் பாதிக்கமாட்டா.

வினாவுக்கு ஒளியியல் நோக்கிலும், கணிப்பு நோக்கிலும், உறவுமுறை நோக்கிலும் விடை தேடலாம். மூன்றையும் முறையே ஆராய்ந்த பின் முடிவு கூறப்படும்.

ஒளியியலில் பெரிய வழக்கு எதுவும் இல்லை. வில்லை வழியே வரும் ஒளியை வாங்கி மின்குறிப்பாக மாற்றும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். மழையில் வைத்த அண்டா டம்ளரைவிட அதிக நீர் பிடிப்பதைப்போல, பெரிய சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் வகைக் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும், ஆக 864 சதுர மி.மீ. பரப்பும் உடையது, விலையுயர்ந்த செல்பேசிகளின் முதன்மைக் கேமராவில்கூடப் பொதுவாக இருப்பது இதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. 'ஒரு அங்குல சென்சார்' என்னும் விளம்பரத்தோடு வரும் சில போன்கள் இதற்கு விலக்கு. ஆனால் அந்தச் சென்சாரை அளந்தால் அகலம் 13.2 மி.மீ., உயரம் 8.8 மி.மீ., மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாலும் சுமார் 16 மி.மீ.தான் தேறும், 25.4 மி.மீ. நீளமுள்ள அங்குலம் அதில் எந்தத் திசையிலும் அகப்படாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழலின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளவு சொல்லிப் பழகிய தொழில், குழல் ஒழிந்த பின்னும் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. மெகாபிக்சல் கணக்கும் இத்தகையதே. 200 மெகாபிக்சல், அதாவது 20 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட செல்பேசி, வழக்கமான அமைப்பில் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. அந்தப் படமும் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போகும்போது மறுபடி சுருக்கப்படுகிறது. இவ்வளவும் உண்மை, இவ்வளவையும் பந்தி வரிசையில் நின்றபடி ஒருவருக்கு விளக்க முயன்றால் அவர் "சரி சரி, இலை போட்டாச்சு" என்று நகர்ந்துவிடுவார் என்பதும் உண்மை.

கணிப்பு நோக்கில் செல்பேசியின் கை ஓங்கியிருக்கிறது என்பதை மனமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறிய சென்சாரின் குறையை ஈடுகட்ட, செல்பேசி ஒரே காட்சியைப் பல துண்டுப் படங்களாக, பல வேளைகளில் பொத்தானைத் தொடுவதற்கு முன்பிருந்தே எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டு, இருளைத் தூக்கி வெளிச்சத்தை அடக்கி ஒரு படமாக்குகிறது; கணிப்பு ஒளிப்படவியல் என்பது இதுதான். சன்னலுக்கு முன் நிற்கும் மணப்பெண்ணைக் கேமராக்காரர் நிழலுருவாக எடுத்துவிட்டு, வேண்டுமென்றே அப்படி எடுத்ததாகச் சாதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்கும் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் முகமும் சன்னலும் சன்னலுக்கு வெளியே வாழைமரமும் தெளிவாகத் தெரியும் படத்தை எடுத்துக் காட்டுகிறான்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடில்தான் கேமராக்காரருக்குச் சிறிது ஆறுதல் கிடைக்கிறது. பெரிய வில்லையில் இயல்பாகவே நிகழும் இம்மங்கலைச் செல்பேசி, எது ஆள், எது பின்னணி என்று ஊகித்து வெட்டி உண்டாக்குகிறது. காதோர முடிக்கற்றை, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, ஜிமிக்கியின் வளையத்துக்குள் தெரியும் சிறு வெளி ஆகியவற்றில் இந்த ஊகம் தடுமாறும்; தலையில் சூடிய மல்லிகைச் சரத்தில் பாதி கூந்தலோடு சேர, மீதி மண்டபத்துச் சுவரோடு கரைந்துபோன படங்கள் பல குடும்பங்களில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. நிலவு விவகாரம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2023 மார்ச்சில் ஒருவர், நிலவின் படத்தைக் கணினித் திரையில் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சங் செல்பேசியால் எடுக்க, திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் முளைத்தன. நிலவை அடையாளம் கண்டால் விவரங்களைக் கூட்டித் தர மென்பொருளுக்குக் கற்பிக்கப்பட்டிருப்பதாக நிறுவனம் விளக்கமளித்தது. கேமராக்காரர்கள் இச்செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தபோது, தம் குலமுதல்வர்களில் ஒருவரை மறந்துவிட்டார்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் தஞ்சையையும் மதுரையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அக்காலத்து நெகட்டிவில் வானம் வெறுமையாகவே பதிந்ததால், காகித நெகட்டிவின்மீது வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தவர். இல்லாத மேகத்துக்கும் இல்லாத பள்ளத்துக்கும் வேறுபாடு உண்டென்று வாதிட முடியும். அதற்குப் பெரிய மனம் வேண்டும், அல்லது தூரிகை வேண்டும்.

எஞ்சியிருப்பது உறவுமுறை நோக்கு. ஆய்வு சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே, ஏனெனில் முகூர்த்த மேடையில் இரு கருவிகளும் நேருக்கு நேர் மோதுகின்றன, ஒன்று மற்றொன்றின் கண்ணை முழுமையாக மறைக்கிறது. புரோகிதர் "கெட்டிமேளம்" என்று கை உயர்த்துவதற்கும் முதல் முடிச்சு விழுவதற்கும் இடையே சில நொடிகளே உண்டு. இந்தச் சில நொடிகளுக்காகவே 'ட்ரெடிஷனல்' எனப்படும் வழக்கமான படக்காரர் ஒருவர், 'கேண்டிட்' எனப்படும் இயல்புநிலைப் படக்காரர் ஒருவர், வீடியோக்காரர் ஒருவர், அவருக்கு விளக்குப் பிடிப்பவர் ஒருவர் எனப் பணம் கொடுத்து அமர்த்தப்பட்ட ஒரு படையே விடியற்காலையிலிருந்து மேடையில் நிற்கிறது. தவில் முழங்கிய கணத்தில் முதல் மூன்று வரிசையும் எழுந்து நிற்கிறது. வலக்கையில் அட்சதையும் இடக்கையில் செல்பேசியுமாக அத்தனை பேரும் முன்னே நகர்கிறார்கள். வலக்கை எறிகிறது, இடக்கை எடுக்கிறது. இரண்டையும் ஒருசேரக் குறிவைக்கும் ஆற்றல் மனிதருக்கு வாய்க்கவில்லையாதலால், அட்சதை மணமக்களை எட்டாமல் முட்டுக்காலிட்டிருக்கும் கேண்டிட்காரரின் முதுகிலும், அவர் சட்டைக் காலருக்குள்ளும், சில வேளைகளில் மூடி கழற்றிய வில்லையின் மீதும் விழுகிறது. செல்பேசியிலோ முன்வரிசைக்காரரின் உயர்த்திய செல்பேசி பதிகிறது. அந்தச் செல்பேசியின் திரையில் அதற்கு முன்னிருப்பவரின் செல்பேசி தெரியும். நுணுகிப் பார்த்தால் அதன் திரையிலும் ஒன்று. தாலி எங்கோ இவற்றுக்கெல்லாம் அப்பால் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் என்று நம்பலாம். நாதஸ்வரம் அப்படித்தான் சொல்கிறது.

இக்கூட்டத்தை ஒரே இனமாகக் கருதுவது தவறு. நிமிர்த்துப் பிடித்து எடுப்போர், படுக்கவைத்து எடுப்போர் என்பது தொடக்கநிலைப் பாகுபாடு மட்டுமே. டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியை இரு கைகளாலும் உயர்த்திப் பிடிக்கும் மாமா ஒரு தனி இனம்; அவர் பின்னால் நிற்கும் நால்வருக்கு அன்றைய திருமணம் நிகழவே இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளுக்கு வீடியோ அழைப்பில் காட்டுபவர் இன்னோர் இனம். அவர் மேடையைப் பார்த்து நெகிழ்ந்து நிற்க, கை தன்போக்கில் சாய்ந்து, மகளுக்கு மண்டபத்து மின்விசிறி தெரிகிறது, மகளும் "நல்லா தெரியுதும்மா" என்கிறாள். படம் எடுப்பதாக நினைத்து வீடியோவும், வீடியோ எடுப்பதாக நினைத்து எதுவுமில்லாமலும் நிற்பவர் உண்டு. பகல் ஒன்பதரை மணிக்கு, ஆயிரம் வாட் விளக்குகளின் நடுவே, செல்பேசியின் பிளாஷையும் போட்டு எரியவிடுபவர் உண்டு. இவர்களில் எவரும் பின்னாளில் அந்தப் படங்களைப் பார்ப்பதில்லை என்பது உறுதி. பார்க்கப்படாத ஒன்றுக்காகப் பார்க்க முடியாதபடி மறைப்பதை எந்த அறம் ஏற்கும் என்று கேட்டால், "ஒரே ஒரு போட்டோ சார், இப்ப நகர்ந்துடறேன்" என்ற விடை வரும், நகரமாட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்று கட்டளையிடுவது முன்பு தொழில்முறைப் படக்காரரின் தனியுரிமையாக இருந்தது; இப்போது மூன்றாம் வரிசையிலிருந்தும் "மாப்பிள்ளை, இங்க!" என்று குரல் வருகிறது. மாப்பிள்ளை பாவம், எல்லாப் பக்கமும் பார்க்கிறார், மணப்பெண்ணின் கழுத்தைத் தவிர.

செல்பேசியால் திரைப்படமே எடுக்கிறார்களே என்னும் வாதமும் இங்கே தவறாமல் முன்வைக்கப்படும். ஷான் பேக்கரின் 'டாஞ்சரின்' 2015இல் ஐபோன் 5எஸ் கொண்டும், டேனி பாயிலின் '28 இயர்ஸ் லேட்டர்' 2025இல் பெரும்பகுதி ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ் கொண்டும் எடுக்கப்பட்டு வெளிவந்தவைதாம். முன்னதில் போனின் முன்னே கூடுதல் வில்லை பொருத்தப்பட்டது. பின்னதில் போனைச் சுற்றிக் கூண்டும் திரைப்பட வில்லைகளும் பிற உறுப்புகளும் பூட்டப்பட்டன. செல்பேசியில் எடுத்த படம் என்பது, நுணுகி நோக்கினால், செல்பேசியைச் சுற்றி ஒரு கேமராவைக் கட்டி எடுத்த படம். மறுபக்கத்தில், ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கு மேல் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. கழுத்தில் பட்டையோடு நிற்பவர்தான் மேல்முறையீட்டில் இருக்கிறார்.

அவரும் யோக்கியர் அல்லர். செல்பேசிக்காரரின் படம், நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் குடும்பக் குழுவில் வந்து விழுந்து, நாற்பது கூப்பிய கைகளையும் பெற்றுவிடும். கேமராக்காரரோ 'ரா' எனப்படும் பக்குவப்படுத்தாத கோப்பாக அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றையும் கணினியில் நிறம் திருத்தித் தருவதாகச் சொல்லிப் போவார். அந்தத் தம்பதியின் குழந்தைக்குக் காதுகுத்து நடக்கும்போதும் அவை ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும். கேட்டால், நேரமில்லை என்பார். புதிய வில்லை பற்றிய காணொளிகளை இரவு ஒரு மணி வரை பார்க்க நேரம் இருக்கும்.

இத்தகையவரைச் சுற்றத்தார் முற்றாகப் புறக்கணித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. கேமரா வைத்திருப்பதால் அவருக்குப் படம் எடுக்கத் தெரியும் என்னும் நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் பயனாக, மணமக்களோடு நின்று எடுத்துக்கொள்ள மேடையேறும் ஒவ்வொரு குடும்பமும் தன் செல்பேசியை அவர் கையில் தருகிறது. "நீங்க எடுத்தா நல்லா இருக்கும்" என்கிறார்கள். அவர் கேமராவை மொய் எழுதும் மேசையில் வைத்துவிட்டு, வரிசையாக எட்டுப் போன்களை வாங்கிக்கொண்டு எடுக்கத் தொடங்குகிறார். செல்பேசியின் முதன்மை வில்லை அகன்ற கோணம் உடையதாகையால் ஓரத்தில் நிற்பவர்களைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கும். ஓரத்தில் நின்ற அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, ஒளியியலைக் குறை சொல்லாமல் எடுத்தவரைக் குறை சொல்லி, நடுவில் நின்று இன்னொன்று கேட்கிறார். அடுத்த போன் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்கிறது. அதற்கடுத்தது பூட்டிக்கொண்டுவிட்டது, திறக்க விரல் வேண்டும். விரலுக்குரியவர் மணமகனுக்குப் பின்னால் மூன்றாவதாக நிற்கிறார், அவர் இறங்கி வர முன்னால் நிற்கும் ஏழு பேரும் நகர வேண்டும், நகர்ந்தவர்களில் இருவர் அப்படியே பந்திக்குப் போய்விட்டார்கள்.