பெரிய இடத்துக் குற்றவாளி

நெட் அறுந்தால் முதலில் மாட்டுவது ரவுட்டர். அடுத்தது லைன் போட்டுக் கொடுத்த தம்பி. அப்புறம் மொட்டை மாடியில் ஒயரைக் கடிக்கும் அணில், எதிர்வீட்டுக் கட்டட வேலை, மழை, பக்கத்து வீட்டு மைக்ரோவேவ். கேபினட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் ஏகாந்தமாக உட்கார்ந்திருக்கும் புராசஸரை யாரும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. பெரிய இடம் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சமயம் ஆபீஸ் விபிஎன் மட்டும் அறுந்துகொண்டே இருந்தது. யூடியூப் ஓடும், அம்மாவின் சீரியல் ஓடும், ஆபீஸ் மட்டும் வராது. "ஒருவேளை ஆபீஸ்ல உங்களை எடுத்துட்டாங்களோ என்னவோ, மெயில் பார்த்தீங்களா?" என்று மனைவி அக்கறையாகக் கேட்டாள். மெயில் பார்க்கவும் விபிஎன் வேண்டும். கஸ்டமர் கேரில் ஒரு பெண், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாள். செய்தேன். மறுபடி கூப்பிட்டதும் வேறொரு பெண் அதையே சொன்னாள்.

பிறகு ஃபைபர் தம்பி வந்தான். பச்சை முனை வைத்த ஒயரைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, கையில் இருந்த மீட்டரில் சொருகினான். "மைனஸ் இருபது சார். பக்கா." மைனஸ் என்றால் நஷ்டம் என்றே வளர்ந்தவன் நான், அது நல்ல சேதி என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நம்ம சைடு ஓகே சார்" என்று காபி குடித்துவிட்டுக் கிளம்பினான்.

அவன் சொன்னது சத்தியம். அதே லைனில் மனைவியின் பழைய லேப்டாப்பை மாட்டினால் விபிஎன் அசையாமல் நின்றது. கோளாறு, பார்த்துப் பார்த்து வாங்கிய என் புதுக் கம்ப்யூட்டரில். போர்டுக்குப் புது பயாஸ், அதாவது கம்ப்யூட்டரைத் துயிலெழுப்பும் ஆரம்ப நிரல், ஏற்றியதும் சரியாகிவிட்டது. எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். இன்னும் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊரறிந்த கதையைச் சொல்வதில் தப்பில்லை. 2019 ஜூலையில் ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசை வெளிவந்தது. புராசஸருக்குள் 'ஆர்டிரேண்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைக் கொடு என்று புரோகிராம்கள் அதனிடம் கேட்கும். 32 பிட் கணக்கில் 429 கோடிச் சொச்சம் எண்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். புதுச் சில்லு எத்தனை முறை கேட்டாலும் 4,29,49,67,295 என்றது. அதாவது 32 பிட்டும் ஒன்று. அதைக்கூட மன்னிக்கலாம். ஒவ்வொரு முறையும் 'காரியம் வெற்றி' என்று கொடியையும் தூக்கிக் காட்டியது. தப்புச் செய்பவர்களை ஓரளவு சமாளித்துவிடலாம்; இத்தனை தன்னம்பிக்கையோடு செய்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

வயர்கார்டு விபிஎன் இதில் சரியாக மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு இணைப்புக்கும் அது இப்படி ஊகிக்க முடியாத ஓர் எண் போடும். அந்த எண் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் வேறு எண் கேட்கும். டாக்டர் வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் ஏழாம் நம்பர் டோக்கனையே நீட்டினால் வரிசை எப்படி நகரும்? 'வேறு கொடு' என்றது வயர்கார்டு. அதே எண். 'வேறு கொடு.' அதே எண். மனிதனாக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். புரோகிராமுக்கு ரோஷம் கிடையாது, முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. வயர்கார்டு ஏறக்குறைய 2 நிமிடத்துக்கு ஒரு தரம் சாவியைப் புதுப்பிக்கிற ரகம். ஒவ்வொரு தரமும் புது எண் வேண்டும். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. நெட் போச்சு, அவ்வளவுதான்.

இதே சில்லில் 'டெஸ்டினி 2' விளையாட்டு திறக்கவில்லை. சில புது லினக்ஸ்கள் பூட் ஆகவே மறுத்தன. சில்லைக் கழற்றாமல், பயாஸ் வழியாக அதன் உள்நிரலான மைக்ரோகோடை மாற்றிச் சரிசெய்தார்கள். லினக்ஸ் கர்னல்காரர்கள் அதோடு விடவில்லை. எண் மாறுகிறதா என்று சோதித்து, மாறாவிட்டால் 'ஆர்டிரேண்ட் தருவதில் ஏதோ வாடை அடிக்கிறது' என்கிற பொருளில் எச்சரிக்கை வரும்படி எழுதிவைத்தார்கள். ஒரு புராசஸரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட நிரலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்டெல்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2013-இல் அவர்களுடைய 82574எல் நெட்வொர்க் சில்லின் லட்சணத்தைக் கிறிஸ்டியன் கீல்ஹாஃப்னர் என்ற பொறியாளர் வெளியிட்டார். இது புராசஸர் அல்லதான், ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. வரும் பாக்கெட்டில் 1151 என்ற இடத்தில் '2' அல்லது '3' இருந்தால் சில்லு செத்துவிடும், மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால்தான் உயிர் வரும். '1' என்றால் ஒன்றும் ஆகாது. '4' என்றால் தடுப்பூசி! அதன் பிறகு '2' வந்தாலும் அசையாது. ஒரு போர்டு கம்பெனி அமைப்புகளைத் தப்பாக எழுதிவிட்டது என்று இன்டெல் விளக்கம் சொன்னது. எண் ஜோசியர்கள் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று தெரியவில்லை.

ஆகவே, நெட் அறுந்தால் அதே லைனில் வேறொரு கம்ப்யூட்டரை மாட்டிப் பாருங்கள். அதில் ஒழுங்காக வந்தால் உங்கள் பெட்டியின் பயாஸ் எந்தத் தேதியில் எழுதியது என்று பாருங்கள். ரொம்பப் பழசு என்றால் புதிதை ஏற்றிவிடுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போகக்கூடும்; எனவே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று அறிவித்த நாளில் மட்டும் அந்தக் காரியத்தைத் தொடாதீர்கள்.