டிவிஆர் நோய்நாடல்: நாஞ்சில் நாட்டு வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

டிவி நிகழ்ச்சியைப் பதிந்துவைத்துப் பிறகு பார்க்கும் பெட்டிக்கும் டிவிஆர் என்றே பெயர். அதை இங்கு யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை டிவிஆர் என்றால், வீட்டைச் சுற்றியுள்ள கேமராக்களின் வயரெல்லாம் வந்து சேரும் கறுப்புப் பெட்டிதான். மகன் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பான். பெட்டி ஷோகேஸில் இருக்கும். அப்பா ஃபோனைக் காதில் வைத்தபடி அதன் முன் நிற்பார். இந்த மூவருக்கும் இடையிலுள்ள உறவே நம் ஆய்வுக்களம்.

இத்துறையில் முன்னோர் நூல் இல்லை. பெட்டியோடு வரும் கையேட்டை நூலாகக் கொள்வதற்கில்லை. அதை எவரும் உறை பிரித்ததாகச் சான்றில்லை. ஆகவே குமரி மாவட்டத்தில் பேர்பெற்ற வர்ம மருத்துவத்திடம் பாகுபாட்டைக் கடன் வாங்குகிறோம். வர்மம் 108. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. முன்னது உயிருக்கே உலை வைக்கும். பின்னது இளக்குமுறை தெரிந்தவர் கைபட்டால் தீரும். டிவிஆர் நோய்களும் ஏறத்தாழ இதே விகிதத்தில்தான் அமைகின்றன என்பது எம் துணிபு.

படுவர்மங்களுள் தலையாயது ஹார்ட் டிஸ்க் சாவு. கம்ப்யூட்டருக்கென்று செய்த சாதா டிஸ்கை மலிவு கருதிப் பெட்டிக்குள் மாட்டினால், இரவும் பகலும் ஓயாமல் எழுதி அது சீக்கிரமே நொந்துவிடும். சாகும் முன் அறிவிக்கவும் செய்யும்: விடாமல் பீப் பீப் என்று கத்தும். அப்போது வீட்டார் ஆளைக் கூப்பிட்டு டிஸ்கை மாற்றச் சொல்வதில்லை, சத்தத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். வந்தவரும் மெனுவுக்குள் போய் பஸ்ஸரை அணைத்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போகிறார். நேரலைப் படத்துக்கு டிஸ்க் தேவையில்லை என்பதால் கேட்டும் கிணறும் முன்போலவே திரையில் தெரியும். ‘படம்தான் தெரியுதே மக்கா’ என்று அப்பா துபாய்க்குச் சான்றளிப்பார். பதிவு நின்று மாதங்கள் ஆகியிருக்கும்.

இரண்டாவது படுவர்மம் இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைப்பக்கம் வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குவார்கள். நல்லதே. ஆனால் மாடி உச்சியில் நிற்கும் கேமராவின் வயர் பெட்டியின் முதுகில் அப்படியே செருகியிருக்கும். இடிக்கு எந்த வாசலும் ஒன்றுதான்.

தொடுவர்மம் 96ஐயும் விரிக்க இடமில்லை. மணவாளக்குறிச்சி, குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு வயர் முனைகள் களிம்பேறிப் பச்சையாகும். திரையில் ‘வீடியோ லாஸ்’ என்று வரும். முனையை வெட்டிப் புதுசு போட்டு, காற்றும் ஈரமும் புகாத சிறு டப்பாவுக்குள் அடைத்தால் தீர்ந்தது. எட்டுக்கால் பூச்சியின் கதை வேறு. இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும். பூச்சிக்காக எட்டுக்கால் பூச்சி வரும். வலை ஆடும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் என்று மஸ்கட்டில் ஃபோன் அலறும். மருந்து: துடைப்பம்.

அறிஞர்களை அதிகம் குழப்பியது காலமயக்க நோய். பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரூபாய்த் துட்டளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடும். சில பெட்டிகள் 1970 சனவரி 1க்குப் போகும். அதன்படி உங்கள் வாழைக்குலையைத் திருடியவன், விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறப்பதற்கு எட்டு மாதம் முன்பே வந்து போயிருக்கிறான். வேறு சில 2000 சனவரி 1இல் போய் நிற்கும். அன்று கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலை திறப்பு விழா; பாதுகாப்புக்கு அங்கே நின்ற போலீசாரை உங்கள் தோப்புக்கும் வரச் சொல்ல முடியாது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் திருடன் நிகழ்காலத்துக்கு வந்துவிடுவான்.

நினைவுக்குறை நோய்க்குக் கணக்கு வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா நாளுக்கு 21.6 ஜிபி தின்னும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. ஆக 1 டிபி டிஸ்க் சுமார் 11 நாளில் நிரம்பி, பழையதன்மேல் புதியதை எழுதத் தொடங்கும். தேங்காய் வெட்டோ ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை. குலை குறைவது தெரியவரும் நாளில், பெட்டி அந்த இரவை என்றோ மறந்திருக்கும். தோப்பு வைத்திருப்பவர்கள் 4 டிபிக்குக் குறைந்து வாங்குவது வீண் என்பதே எம் முடிபு. இதில் கடைக்காரர்களோடு எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் 8 டிபி என்பார்கள்.

சிகிச்சை முறையில் இரு மரபுகள் உண்டு. அணைத்துப் போடும் மரபினர் வளைகுடாவிலிருந்து ஃபோனில் வைத்தியம் பார்ப்பவர்கள்: ‘ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கப்பா.’ தட்டல் மரபினர் பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஒன்று போடுவர். டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது இது தொடுவர்மத்தைப் படுவர்மமாக்கும். எனவே இம்மரபை ஏற்பதற்கில்லை.

எந்த வைத்தியத்துக்கும் அடங்காத நோய் ஒன்று உண்டு. திருட்டுச் செய்திகளின் கடைசி வரியில் அது அடிக்கடி வரும்: டிவிஆரையும் கழற்றிச் சென்றனர். ஷோகேஸில் வைத்த பெட்டிக்கு அதுவே கதி. பெட்டியை மச்சிலோ பூட்டுள்ள அலமாரியிலோ காற்றோட்டத்தோடு வையுங்கள். இதை வாசித்த கையோடு எழுந்துபோய், நேற்று இரவு இரண்டு மணிப் பதிவை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.