ஸ்பெயின் ஷிஃப்ட்

இவரிடம் மணி கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு மணி சொல்வார்.

"காலைல அஞ்சரை சார். அங்க ராத்திரி ரெண்டு. இப்பதான் அசந்து தூங்குவான்."

நெய்வேலியில் வட்டத்துக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அமெரிக்கா அப்பா, ஜெர்மனி அப்பா எல்லாம் பழைய கதை. எங்கள் தெருவில் இருப்பவர் ஸ்பெயின் அப்பா. மகன் முதுகலை படிக்க செப்டம்பர் முதல் வாரம் அந்த நாட்டின் வடமேற்கு மூலைக்கு, கலீசியாவுக்குப் போனான். விமானம் ஏறியது அவன். நேரம் மாறியது இவருக்கு.

சுரங்கத்தில் முப்பது வருஷமாக மூன்று ஷிஃப்ட்டும் பார்த்த உடம்பு. இப்போது வீட்டில் நாலாவது ஷிஃப்ட் ஓடுகிறது. இடது கையில் நெய்வேலி வாட்ச், வலது கையில் ஸ்பெயின் வாட்ச். வலது கையில் இருப்பது மகன் பிளஸ் டூ படித்தபோது கட்டியது. வார் எட்டவில்லை என்று ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, கடைசி ஓட்டைக்கும் அப்பால் இவரே ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். வலது கையில் டீ கிளாஸ் இருக்கும்போது யாரும் இவரிடம் மணி கேட்டுவிடக் கூடாது. மணிக்கட்டைத் திருப்பிவிடுவார். மெயின் பஜார் டீக்கடையில் என் வெள்ளை வேட்டி ஒன்று அப்படித்தான் போனது.

எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த வாட்சில் கொண்டுபோய்த்தான் கட்டுவார். மத்தியானம் மளிகைக்கடை பூட்டியிருந்ததே என்று அலுத்துக்கொண்டேன். "அங்க ரெண்டு மணிக்கு மேல பாதிக் கடை சாத்திடுவான் சார். அஞ்சு மணிக்கு வந்து திறப்பான்." என் வீட்டில் வெங்காயம் இல்லை என்பதற்கு இது பதில். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் உச்சிகால பூஜை. தீபாராதனைக்கு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "எட்டரை. கிளாசுக்குக் கிளம்பற நேரம்." என்னிடம் சொல்லவில்லை, முருகனிடம் நேராகவே சொன்னார். தேவர்களின் சேனாதிபதிக்கு அன்றைய டியூட்டி கொடுத்தாயிற்று.

ராத்திரிச் சாப்பாடு இதைவிடப் பெரிய கதை. போய்ச் சேர்ந்த அன்று பையன் பசி தாங்காமல் ஏழு மணிக்கே ஓட்டலுக்குப் போயிருக்கிறான். அடுப்பே பற்ற வைக்கவில்லையாம். ஒன்பதுக்கு மேல்தான் அந்த ஊருக்கு ராத்திரிச் சாப்பாடு. அவன் ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் நெய்வேலியில் இரவு ஒரு மணி. அதுவரை இவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். 'சாப்டேன்' என்று ஒரே ஒரு சொல் செல்போனில் வந்து விழுந்த பிறகுதான் விளக்கு அணையும். முதல் ஷிஃப்ட் வாரத்தில் அந்தக் கண்ணோடுதான் விடியற்காலையில் மைன்ஸுக்குக் கிளம்புவார்.

அவர்கள் ஏன் இப்படி நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பதற்குக் காரணமும் வைத்திருக்கிறார். உலகப் படத்தில் ஸ்பெயின் இருக்கும் இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருத்தம். 1940-ல் அந்த நாட்டுச் சர்வாதிகாரி ஃபிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டார். போர் முடிந்தது, ஹிட்லர் போனார், பிறகு ஃபிராங்கோவும் போனார்; தள்ளிய முள் மட்டும் திரும்பி வரவில்லை. அதனால் அக்டோபரில் காலை எட்டு மணிக்கும் கலீசியாவில் கும்மிருட்டு. இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கோபம் வரும், ஃபிராங்கோ குறி வைத்ததே தன் பையனின் தூக்கத்துக்குத்தான் என்பது போல. இந்த வரலாற்றை நான் இதுவரை பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று சாவு வீட்டில், தூக்குவதற்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னதை ஒட்டி.

மற்றதெல்லாம் சில்லறை. 'ஓலா' என்று வணக்கம் சொல்லும்போது எழுத்தில் இருக்கும் ஹெச் வாயில் வரக் கூடாது என்று கீரைக்கார அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறதே, அதனால் அங்கே மகனை இவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "நான் போகாமலே காலேஜ்ல சேர்ந்துட்டேன் சார்." அந்த நாட்டில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், வழக்கமாக முதலில் அப்பாவுடையது, அடுத்தது அம்மாவுடையது. இவன் நிரப்பிய பாரங்களில் இரண்டாவது கட்டம் காலி. "என் பேரை எழுதினா மை தீந்துடுமாமா?" என்று பையனின் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மாவுக்குக் கவலை வேறு. படிக்கப் போனவர்கள் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் 'சீத்தா'. அந்த ஊர்க்காரர்கள் நாக்கைப் பல்லில் வைத்து 'தீத்தா' என்பார்களாம். பையனுக்கு இன்னும் நெய்வேலி நாக்கு. "மூணு வாரமா அலையறேன், சீத்தா கிடைக்கலப்பா" என்று அவன் ஸ்பீக்கரில் புலம்ப, அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார் அம்மா. "யாருடா அவ?"

எனக்குச் சிரிப்பு வராத இடமும் உண்டு. என் பெண் பாண்டிச்சேரியில் படிக்கிறாள். அங்கே இப்போது மணி என்ன என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. போன மாதம் ஹாஸ்டலில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள். காலை நடையில் அதைச் சொன்னேன். வலது கையைப் பார்த்தார். "அங்க இப்ப ஒரே மழை சார்" என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தை, இவர் மடியில் வளர்ந்தவள். 'எப்படி இருக்கா' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அன்று இரவு அவர் வீட்டு விளக்கு ஒரு மணி வரை எரிந்ததைப் பார்த்தேன். பாவமாக இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த எரிச்சல் ஒரு வாரம்தான் தாங்கியது. கலீசியாவில் அஸ் போன்டெஸ் என்று ஓர் ஊர். அங்கேயும் நம் ஊர் போலவே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 2007-ல் வெட்டுவதை நிறுத்தி, குழியில் தண்ணீரை விட்டார்கள். 2012-ல் நிரம்பி ஏரியாகிவிட்டது. ஆழம் 200 மீட்டருக்கு மேல். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். இவர் சுரங்கம் வெட்டும் பக்கெட் வீல் எந்திரம் ஓட்டுகிறவர். திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். தண்ணீரும் காற்றும் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"இதுக்கு அடியில பெஞ்ச் பெஞ்சா வெட்டினது அப்படியே கெடக்கும் சார்" என்றார். "இவன் எதுக்குத் தெரியுமா போனான்? எனக்குக் காட்டத்தான்." வலது கையை அவர் பார்க்காமல் பேசிய ஒரே பேச்சு அது.

அக்டோபர் கடைசி ஞாயிறு. காலை ஆறேகாலுக்குக் கதவு தட்டினார். வலது கை வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார். முள்ளைத் திருப்பும் திருகு பொடிசு, அவர் விரலுக்கு அகப்படவில்லை.

"ஒரு மணி நேரம் பின்னால வைக்கணும் சார். இருங்க, இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நம்ம ஆறரைக்குத்தான் அங்க மூணு. மூணு ஆனதும் திரும்ப ரெண்டாக்கிடுவான்."

ஆறரைக்கு முள்ளைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நேத்து வரைக்கும் மூணரை மணி நேரம் தள்ளி இருந்தான். இன்னையிலேர்ந்து நாலரை."

என்ன சொல்வதென்று தெரியாமல் காபி குடிக்கிறீர்களா என்றேன். வாசல்படி இறங்கியவர் நின்றார். முப்பது வருஷத்து ஷிஃப்ட்காரர் முகம் திரும்பி வந்திருந்தது.

"ஏன் சார், அங்க நைட் ஷிஃப்ட்ல இருக்கறவன் இன்னைக்கு ஒன்பது மணி நேரம்ல பாக்கறான்? ஓ.டி. குடுப்பானா?"