எல்லாம் பார்த்துட்டேன் சார்!

இரவு பத்தரை மணிக்கு மேல் போன் போட்டு, நலம்கூட விசாரிக்காமல், "சார், திரை பூரா கன்னாபின்னான்னு எழுத்து வருது" என்று ஒருவர் ஆரம்பித்தால் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். போர்டு அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் கட்டம் கட்டமாகவும் திருப்பிப் போட்ட கேள்விக்குறிகளாகவும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

"பாட் ரேட் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் சார்."

"வயரிங்?"

"பார்த்துட்டேன்."

"கிரவுண்டு?"

"எல்லாம் பார்த்துட்டேன் சார்."

இந்தப் 'பார்த்துட்டேன்' ஆராய்ச்சிக்கு உரியது. டாக்டர் நாடி பார்ப்பதும் தெருமுனையில் நின்று வேடிக்கை பார்ப்பதும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். நம்மவர் வயரைப் பார்ப்பது, பெண் பார்க்கும் வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா பெண்ணைப் பார்க்கிற மாதிரி. பஜ்ஜி தீரும்வரை கூடத்திலேயேதான் இருந்தார். பெண் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் முழிப்பார்.

பாட் ரேட்டையே எடுத்துக்கொள்வோம். "9600தான் இருக்கு சார், பார்த்துட்டேன்" என்கிறார். எங்கே இருக்கிறது என்றால், மானிட்டர் ஜன்னலின் மூலையில். புரோகிராமில்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. மவுஸ் உருளும் ஓசை மட்டும் கேட்கிறது. "அங்க 115200 போட்டிருக்கு சார். ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா?"

இருக்கணும். இந்தச் சீரியல் தொடர்பில் தாளம் சொல்லத் தனி வயர் கிடையாது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் அவரவர் மனதுக்குள் தாளம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 9600 என்றால் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ விநாடி. 115200 என்றால் 9-க்கும் கீழே. கணக்காகப் பன்னிரண்டு மடங்கு. அந்தப் பக்கம் பன்னிரண்டு பிட் போய்முடிந்த நேரத்தில் இந்தப் பக்கம் ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஆரம்பம் சொல்ல ஒன்று, முடிவு சொல்ல ஒன்று, நடுவில் எட்டு என்று பத்து பிட் தேவை. இந்த லட்சணத்தில் கன்னாபின்னா எழுத்து வராமல் என்ன வரும்? 'பாட்' என்ற அளவுக்குப் பெயர் கொடுத்தவர் எமில் போதோ என்கிற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர். அவர் பெயரை நம்மவர் ராத்திரிதோறும் உச்சரிக்கிறார், பக்தியோடு அல்ல.

மறுநாள் இரவு போர்டோடு ப்ளூடூத் மாட்யூலை மாட்டினார், பிரச்சினை வேறு. இப்போது கன்னாபின்னாவும் இல்லை, சுத்த மௌனம். "டி.எக்ஸை டி.எக்ஸோட, ஆர்.எக்ஸை ஆர்.எக்ஸோட கரெக்டா மாட்டியிருக்கேன் சார், பார்த்துட்டேன்." பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார். டி.எக்ஸ் வாய், ஆர்.எக்ஸ் காது. ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் போக வேண்டாமா? வாயோடு வாயையும் காதோடு காதையும் கட்டிவைத்துவிட்டுப் பேச்சு வரவில்லை என்கிறார். (சில மாட்யூல்களில் பின் பெயரை எதிர்ப்பக்கத்து வாசலில் நின்று அச்சடித்திருப்பார்கள் என்பதும் உண்மை. அந்தப் பாவத்தை அவர் தலையில் கட்ட முடியாது.) அதற்கடுத்த இரவு கிரவுண்டு. போர்டுக்கு ஓர் அடாப்டர், மாட்யூலுக்கு ஓர் அடாப்டர், இரண்டின் கிரவுண்டையும் இணைக்க ஒரு வயர் இல்லை. "தனித்தனியா நல்ல சப்ளை கொடுத்திருக்கேனே சார்" என்று குரல் கம்முகிறது.

இந்த வகையினர் பொதுவாகக் குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருப்பார்கள். பொதுவாக ஏழாம் வகுப்பில் ஒரு மகள் இருப்பாள். மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சமையலறையில் காட்டும் கருவியைத்தான் இவர்கள் பொதுவாக எட்டு மாதமாகச் செய்துகொண்டிருப்பார்கள். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் மனைவி எழுந்துபோய் மோட்டாரை அணைத்துவிடுகிறார். அந்த முறையில் இதுவரை ஒரு எர்ரர்கூட வந்ததில்லை.

ஒருநாள் புரோகிராமே ஏறவில்லை. 'நாட் இன் சிங்க்' என்று ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக் கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது. "போர்டு போச்சு சார்" என்று தீர்ப்பு வந்தது. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது போர்டு வாங்கினார். அதுவும் போனது. மூன்றாவதும் போன பிறகுதான், எல்லாவற்றிலும் ப்ளூடூத் மாட்யூலை 0, 1 என்ற அதே இரண்டு பின்களில் மாட்டுகிறார் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஊனோவில் யூ.எஸ்.பி. வழியாகப் புரோகிராம் ஏறுவதும் அதே இரண்டு பின்கள் வழியாகத்தான். மாட்யூல் அங்கே உட்கார்ந்துகொண்டு குறுக்கே பேசினால் என்ன ஏறும்? கழற்றியதும் மூன்று போர்டுகளும் உயிர்த்தெழுந்தன. நானோ என்ற இன்னொரு ஆர்டுயினோ போர்டில் நடந்தது இன்னும் சுருக்கம். கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆனது, உள்ளே டேட்டா வயரே கிடையாது. "லைட் எரியுதே சார்!" என்று அதற்காக இரண்டு நாள் வாதாடினார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சரியான பிறகு அவர் சொல்வதைத்தான் பொறுக்க முடியாது. "என்ன தப்பு இருந்தது?" என்று கேட்டால், "தெரியல சார், தானா சரியாயிடுச்சு" என்பார். தானாக எதுவும் சரியாகவில்லை. ஒருவர் பதினொன்றே முக்கால்வரை தூக்கம் கெட்டுச் சொன்னதால் சரியானது. அதே கேள்வியை அதே இரவில் இன்னும் மூன்று பேரிடம் அவர் கேட்டிருந்தார் என்பதும், நான்கு பேரும் நான்கு வயரைக் கழற்றச் சொன்னார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. புரோகிராமை அனுப்பச் சொன்னால் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்து, அதிலும் பாதியை அனுப்புகிறார். கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் யூ.எஸ்.பி. கன்வெர்ட்டரின் டி.எக்ஸையும் ஆர்.எக்ஸையும் ஒரே வயரால் இணைத்து, எதையாவது தட்டினால் தட்டியது திரும்பி வருகிறதா என்று பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை, கன்வெர்ட்டர் பக்கம் கோளாறா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்வது?

"அதுவும் பார்த்துட்டேன் சார்."

ஆனாலும் அந்தக் கட்டடத்தில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சால்டரிங் அயர்னைப் பிடித்தால் கை நடுங்குவதில்லை. கடைசியில் ஒரு ராத்திரி சமையலறைத் திரையில் '78%' என்று வந்தபோது வீட்டையே எழுப்பிவிட்டாராம். மகள் தூக்கக் கலக்கத்தோடு மாடிக்குப் போய் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, "கரெக்டுதான்பா" என்று சான்றிதழ் கொடுத்தாளாம். அந்தத் திரையின் போட்டோ மட்டும் ஆடாமல் அசையாமல் தெளிவாக வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் போன் இல்லை. நாலாவது வாரம் இரவு பத்தே முக்கால். "சார், ஈ.எஸ்.பி. 8266 வாங்கியிருக்கேன். ஆன் பண்ணினதும் கொஞ்சம் குப்பையா வருது, அப்புறம் சரியா வருது. ரெண்டு பக்கமும் 115200தான், பார்த்துட்டேன்."

நம்புவார் உண்டா? வீடியோவைப் போடச் சொல்லி, கேபிளைக் காட்டச் சொல்லி, கிரவுண்டு வயரைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லி நாற்பது நிமிஷம் போனது. எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சிப் கண்விழிக்கும்போது மட்டும் தன் ஆரம்பப் பேச்சை 74880 என்ற விசித்திர வேகத்தில் பேசும். 115200-இல் கேட்டால் அது குப்பையாகத்தான் தெரியும். கோளாறே இல்லை. இந்த விவரம் உதவி செய்தவருக்கு நினைவு வந்தது நாற்பத்தோராவது நிமிஷத்தில்.

நம்மவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, குட்நைட் சொல்லி வைத்துவிட்டார். காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்திருந்தது: "நான்தான் அப்பவே சொன்னேனே சார், பார்த்துட்டேன்னு."