குதிரையை விட்டு இறங்காதீர்கள்

'பெண்ட்ராகன்' ஆட உட்காரும் புது நைட்டுகள் முதலில் விசாரிப்பது, நல்ல வாள் எங்கே கிடைக்கும் என்று. வாள் கிடக்கட்டும். ஆர்தர் மன்னர் கதைகளை வைத்து கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கி 1985-இல் வெளிவந்த இந்த மேசை ரோல்-பிளே ஆட்டத்தில் தலைகளை உருட்டுவது கூட்டல் கணக்கு. ஐந்தாம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். மற்ற பதிப்புக்காரர்கள் தத்தம் மேசையில் அடித்துக்கொள்ளலாம்.

இருவரும் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். தன் திறன் எண்ணைத் தாண்டாமல் அதிகம் போட்டவர் ஜெயித்தார். அந்த எண்ணையே சரியாகப் போட்டால் கிரிட்டிக்கல், அடி இரட்டிப்பு. ஆகவே குதிரை மேலிருந்தே சண்டை போடுங்கள். உங்களுக்கு +5, தரையில் நிற்பவருக்கு −5. இருவர் திறனும் 15 என்றால் இப்போது நீங்கள் 20, அவர் 10. நீங்கள் எதைப் போட்டாலும் தவறாது. அவருக்குப் பாதி உருட்டல் வீண். "இதுவா வீரம்?" என்று கேட்பார். அதையும் அண்ணாந்து பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது உணர்ச்சி. காதல், விசுவாசம், வெறுப்பு எல்லாவற்றுக்கும் இங்கே எண் உண்டு. அந்த எண்ணுக்குள் பகடை விழுந்தால் திறனில் +10. உங்களிடம் எது பெரிய எண்ணோ, அதை எப்படியாவது இந்தச் சண்டையோடு முடிச்சுப் போடுங்கள். எதிரி சாக்ஸன் என்றால் வெறுப்பு, வேலை சுலபம். சாதாரண வழிப்பறிக்காரன் என்றால், அவன் நிற்பது உங்கள் பிரபுவின் நிலம் என்று குரல் தழுதழுக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முறைப்பார்; பகடையைக் கையில் எடுத்துவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார். பலித்தால் 15, 10, 5 சேர்ந்து 30. இருபதுக்கு மேற்பட்ட 10, பகடையில் விழுவதோடு கூடும். கூட்டுத்தொகை 20-ஐ எட்டினாலே கிரிட்டிக்கல். அதாவது இருபது முகங்களில் பதினொன்று உங்கள் பக்கம்.

பலிக்காவிட்டால் மனமுடைந்து −5. மிக மோசமாகப் போனால் பைத்தியம் பிடித்துக் கிளம்பிவிடுவீர்கள். லான்ஸ்லாட்டே அப்படிக் காட்டில் திரிந்தவர்தான் என்பது கௌரவமான முன்னுதாரணம்.

திறன் குறைந்தவர்களுக்கு வெறித்தாக்குதல் இருக்கிறது: +10. எதிரி முதலில் தடையின்றி உங்களை வெட்டிக்கொள்வார். அதன் பிறகும் உயிர் இருந்தால் அந்தப் பத்து மிகவும் உபயோகமானது. உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் தற்காப்புக்கு அதே +10 வாங்கலாம், ஆனால் ஜெயித்தாலும் எதிரிக்கு ஒரு கீறல்கூட விழாது.

விலையில்லாத கவசம் ஒன்றும் உண்டு. சுறுசுறுப்பு, தாராளம், நீதி, இரக்கம், அடக்கம், வீரம் என்ற ஆறு குணங்களின் எண்களையும் கூட்டி 80 வந்தால் உடம்பில் மூன்று புள்ளிக் கவசம் தானாக ஏறும். என் அடக்கம் பதினாறாக்கும் என்று மேசையில் பீற்றிக்கொள்ள வேண்டாம். கேம் மாஸ்டர் பேசாமல் பென்சிலை எடுத்து, எதிர்ப்பக்கத்தில் உள்ள 'கர்வம்' கட்டத்தில் ஒரு டிக் போடச் சொல்வார்.